ஆறப் பொறுக்க வேண்டாமா?

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். உலையில் அரிசி வேகும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்தவன், இலையில் விழுந்த சோறு ஆறுவதற்குள் அவசரப்பட்டு வாயைச் சுட்டுக்கொள்வான். சிறு வயதில் எத்தனையோ முறை கேட்ட பழமொழிதான். ஆனால் அதன் முழுப் பொருளையும் எனக்குச் சொல்லித் தந்தது என் வலது கை. சொல்லித் தர அது ஓராண்டு எடுத்துக்கொண்டது.

சொந்தக் கதையைச் சொல்லிச் சங்க இதழின் பக்கங்களை நிரப்புவது என் நோக்கமன்று. ஆனால் நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரத்தில் இன்று தெருவுக்கு ஓர் உடற்பயிற்சிக்கூடம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் மாலையானால் அங்கேதான் இருக்கிறார்கள். சர்க்கரை எட்டிப் பார்த்ததும், டாக்டர் சொன்னார் என்று அப்பாக்களும் பின்னாலேயே போகிறார்கள். நல்ல காரியம். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தூக்குவது எப்படி என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தூக்கிய கை அறுந்தால் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. அந்த நேரத்தில் நாம் வழக்கமாக மூன்று தவறுகள் செய்கிறோம். முதல் தவறை நான் முழுமையாகச் செய்தேன். இரண்டாவதைச் செய்யும்படி என்னைச் சுற்றியிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். மூன்றாவதைச் செய்யப் போய் மயிரிழையில் தப்பினேன். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், ஓணத்துக்கு முந்தின வாரம். எனக்கு வயது ஐம்பத்தொன்று. தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து இடுப்பளவுக்கு நிமிரும் பயிற்சி, டெட்லிஃப்ட் என்பார்கள். கம்பி நழுவாமல் இருப்பதற்காக இடது உள்ளங்கை என்னைப் பார்க்கும்படியும், வலது உள்ளங்கை வெளியே பார்க்கும்படியும் பிடித்திருந்தேன். நூற்றுப் பத்துக் கிலோ. அதற்கு முன்பு பலமுறை தூக்கிய எடைதான். பாதி எழும்போது வலது முழங்கை லேசாக மடங்கியது. அடுத்த கணம், ஈரத்துணியைக் கிழித்தது போல் ஒரு சத்தம். கம்பி கீழே விழுந்தது. வலி பெரிதாக இல்லை. அதுதான் மோசம். பெரிதாக வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.

முதல் தவறு: எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்

தசைகளை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுக்குத் தசைநாண் என்று பெயர். மேற்கையின் முன்பக்கத்தில் உருண்டு நிற்கும் இருதலைத் தசைக்கு, அதாவது எல்லோரும் மடக்கிக் காட்டும் பைசெப்ஸுக்கு, தோள் பக்கம் இரண்டு நாண்களும் முழங்கைப் பக்கம் ஒரு நாணும் உண்டு. தோள் பக்கத்து நீண்ட நாண் அறுவது வயதானவர்களிடம் அதிகம். பெரும்பாலும் அறுவை இல்லாமலே அதைச் சமாளித்துவிடலாம். முழங்கைப் பக்கத்து நாண் அறுந்தால் கதை வேறு. அது முன்கையின் ஆர எலும்பில் பொருந்தியிருப்பது. அறுந்தால், இழுத்துக் கட்டிய ரப்பர் போல மேலே சுருண்டுவிடும். அதை அப்படியே விட்டுவிட்டால் கை வேலை செய்யாது என்றில்லை, மடக்கலாம், சாப்பிடலாம். ஆனால் மடக்கும் பலத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதமும், உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பும் பலத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதமும் போய்விடும் என்று மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். திருகாணியை முடுக்க, பூட்டில் சாவியைத் திருப்ப, இறுகிய ஊறுகாய் ஜாடியைத் திறக்க எல்லாவற்றுக்கும் அந்தத் திருப்பும் பலம்தான் வேண்டும்.

இது எதுவும் எனக்கு அன்று தெரியாது. மறுநாள் காலையில், எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் கட்டுப் போடும் ஒருவரிடம் போனேன். எண்ணெய் காய்ச்சித் தடவி, துணி சுற்றி, "சதை பிசகியிருக்கு, ஒன்பது நாள்ல சரியாகிடும் சார்" என்றார். எட்டு நாள் தேய்த்தார். முழங்கையிலிருந்து முன்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. ஒன்பதாம் நாள் எங்கள் தெருவில் பிசியோதெரபி படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். "மாமா, கையை மடக்கி உள்ளங்கையை மேலே திருப்புங்க" என்றாள். முழங்கை மடிப்பின் வெளிப்பக்கத்திலிருந்து தன் சுட்டுவிரலைக் கொக்கி போல நுழைத்துப் பார்த்தாள். நல்ல கையில் ஒரு கயிறு விரலில் மாட்டும். என் வலது கையில் எதுவும் மாட்டவில்லை. அவள் முகம் மாறியது. "இன்னிக்கே எலும்பு டாக்டரைப் பாருங்க" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அறுவை நடந்தது. அறுந்த நாணைத் தேடிப் பிடித்து இழுத்து, எலும்பில் துளையிட்டு, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஓர் உலோகப் பொத்தானால் பிணைத்தார்கள். இந்த அறுவையை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்துவிடுவது நல்லது. அதற்குமேல் தள்ளிப்போனால் நாண் சுருங்கி, சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். சில சமயம் உடம்பின் வேறிடத்திலிருந்து நாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டி வரும். நான் வாசற்படியில் தப்பியவன்.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நாம் இருப்பது களரியும் வர்மமும் வேரூன்றிய மண். தென் திருவிதாங்கூரின் ஆசான்மார்களிடம் கைகொடுத்துத் தேறியவர்கள் நம்மிடையே பல பேர். என் தாத்தாவின் இடுப்பும் அப்படித்தான் நிமிர்ந்தது. உழிச்சிலைக் குறை சொல்வது என் எண்ணமன்று. தசை இறுகிப் போனவருக்கு, நாள்பட்ட வலி உள்ளவருக்கு அது சுகம் தரலாம். ஆனால் எலும்பிலிருந்து அறுந்து வந்த நாணைத் திரும்ப எலும்பில் கொண்டுபோய்க் கட்டும் எண்ணெய் எதுவும் கிடையாது. நல்ல ஆசான் யாரென்றால், தொட்டுப் பார்த்ததும் "இது என் வேலை அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லத் தெரிந்தவர். அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் போன இடத்தில் சொல்லவில்லை. அதைவிட, நான் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து, நமக்குப் பிடித்த பதிலைச் சொல்பவரைத் தேடிப் போவது நம்முடைய குற்றம்தானே?

இரண்டாவது தவறு: இனிமேல் இதெல்லாம் எதற்கு?

கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "இந்த வயசில உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" மலையாள நண்பர் "இனி மதி சேட்டா" என்றார். சாலைக் கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், "நம்ம மூட்டையையே தூக்க ஆள் வச்சிருக்கோம், நீங்க காசு கொடுத்துத் தூக்கப் போறீங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பளு தூக்குவது நம்மவர்க்குப் புதிய பழக்கமா? நெல்லை, குமரி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் இன்றும் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் பின்னால் போட வேண்டும் என்பார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடப்பதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். பெண்களும் அங்கே உரலைத் தூக்குகிறார்கள். பளுவைத் தூக்கிப் பலத்தை அறிவது நம் ஊர்ப் பழக்கம். ஜிம் என்ற பெயர்தான் புதிது.

வயதைச் சொல்லித் தடுப்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. முப்பது, நாற்பதுக்குப் பிறகு நம் தசை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமை, படியில் தடுமாறி விழுந்து இடுப்பு முறிதல், இரத்தத்தில் சர்க்கரை தங்கிப் போதல் எல்லாவற்றுக்கும் இந்தத் தசைக் குறைவும் ஒரு காரணம். வயது வந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கும் அந்த அறிவுரை பொருந்தும். ஆகவே, கை அறுந்தவனிடம் "இனி தூக்காதே" என்று சொல்வது, படகு ஒருமுறை கவிழ்ந்ததற்காக மீனவனை இனிக் கடலுக்குப் போகாதே என்று சொல்வது போலத்தான். எப்படித் திரும்புவது என்பதுதான் கேள்வி.

திரும்பி வந்தவர்கள் இல்லாமல் இல்லை. நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பிறகு தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையின் முன்தசையில் காயம் பட்டது. 2018-இல் கோல்டு கோஸ்ட் போனபோது காயம் முழுமையாக ஆறியிருக்கவில்லை என்று அவரே சொன்னார். அங்கே அவர் தூக்கியது 317 கிலோ. முன்பைவிடப் பதினொரு கிலோ குறைவு. அதற்கும் தங்கம்தான் கிடைத்தது.

மணிப்பூரின் மீராபாய் சானு 2017-இல் உலகச் சாம்பியன். 2018 காமன்வெல்த் விளையாட்டில் 196 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பிறகு முதுகு வலி வந்து அந்த ஆண்டின் ஆசிய விளையாட்டுக்கே போக முடியவில்லை. 2019 பிப்ரவரியில் தாய்லாந்துப் போட்டியில் திரும்பி வந்தபோது தூக்கியது 192 கிலோ. உலகச் சாம்பியனும் குறைத்துக்கொண்டுதான் திரும்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தோளிலும் முதுகிலும் தொந்தரவு விடவில்லை. 2020 இறுதியில் அமெரிக்காவுக்குப் போய், ஆரன் ஹார்ஷிக் என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் குறையைச் சரிசெய்துகொண்டார். அவரும் முன்னாளில் பளு தூக்கியவர். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். 192-க்கும் 202-க்கும் இடையில் பத்துக் கிலோதான். அந்த இரண்டு மேடைகளுக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள்.

மூன்றாவது தவறு: அவசரம்

முதலிரண்டு தவறுகளைவிட இதுதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. ஏனென்றால் இது தவறு போலவே தெரிவதில்லை. வீரம் போலத் தெரிகிறது.

நாணின் இயல்பு என்னவென்றால், அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரங்களில் தேறிவிடும்; நாண் மெல்ல மெல்லத்தான் தேறும். முதல் சில நாட்கள் வீக்கமும் அழற்சியும். பிறகு சில வாரங்கள் புது நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். அதற்குப் பிறகு பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை, அந்த நார்கள் இழுவிசையின் திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டு உறுதியாகும். இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. மூன்றாம் மாதத்தில் கையில் பலம் இருக்கிறது, வலி இல்லை, தூக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பலம் தசையின் பலம். நாண் இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

என் கை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டருக்கு டாக்டர் கணக்கு மாறும். ஆனால் ஒழுங்கு ஏறத்தாழ இதுதான். முதல் இரண்டு வாரம் முழங்கையை மடக்கி அசையாமல் கட்டி வைத்தார்கள். பிறகு மூட்டு வைத்த தாங்கி. வாரத்துக்குச் சில பாகை வீதம் நீட்ட அனுமதி. ஆறு வாரம் முடியும்வரை அந்தக் கையால் தூக்கக்கூடிய உச்ச எடை ஒரு தம்ளர் காப்பி. முன்கையின் வெளிப்பக்கம் ஓரிடம் மரத்துப் போயிருந்தது. இந்த அறுவையில் அடிக்கடி நேர்வது அது என்றார்கள். சில மாதத்தில் உணர்ச்சி வந்துவிட்டது. எட்டாம் வாரத்திலிருந்து ஒரு சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடித்து, உள்ளங்கையை மெல்ல மேலும் கீழும் திருப்பும் பயிற்சி. முப்பது வருஷம் ஆணி அடித்த அதே சுத்தியல் அன்றைக்கு மலை போலக் கனத்தது. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு கிலோ.

பதின்மூன்றாம் வாரத்தில்தான் என் புத்தி தடுமாறியது. வீட்டில் பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தால் என்ன என்று தோன்றியது. ஜிம்முக்குப் போகவில்லையே, கிணறுதானே என்று எனக்கு நானே சமாதானம். வாளியை இறக்கி, நிறைத்து, வலது கையால் கயிற்றை இழுக்கப் போனேன். என் மனைவி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். "பதிமூணு வாரம் உங்களுக்கு சட்டை போட்டு விட்டது நானா, அந்தக் கிணறா?" என்று கேட்டாள். கயிற்றை விட்டுவிட்டேன். அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இந்தக் காலகட்டத்தில் திடீரென்று ஓர் இழுப்புக்குக் கொடுத்துத்தான் சிலர் மறுபடி அறுத்துக்கொண்டு வருகிறார்கள் என்றார். நாலரை மாதத்தில், கால் வாளியில் தொடங்கி, அவர் அனுமதியோடு இறைத்தேன். ஐந்தாம் மாதம் தட்டுகள் மாட்டாத வெறும் கம்பியை, இருபது கிலோவை, தரையிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வெட்கத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் மருந்திலேயே கசப்பான பகுதி.

அவசரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு காட்சி மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. 2022 ஜூலை 30, பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டு. மகாராஷ்டிர மாநிலம் சாங்லியைச் சேர்ந்த சங்கேத் சர்கர், வயது இருபத்தொன்று, 55 கிலோ பிரிவில் முன்னணியில் இருந்தார். முதல் முறையில் 113 கிலோ, இரண்டாம் முறையில் 135 கிலோ, மொத்தம் 248. அடுத்து 139-ஐத் தலைக்கு மேல் ஏற்றும்போது வலது முழங்கை நொடித்தது. வலியோடு மறுபடியும் மேடைக்கு வந்தார், அதே எடை, கை ஏற்கவில்லை. மலேசிய வீரர் 249 கிலோவோடு தங்கத்தைக் கொண்டுபோனார். ஒரு கிலோ வித்தியாசம். பதக்க மேடையில் அந்தப் பிள்ளை கையைத் தூளியில் கட்டிக்கொண்டு நின்றார். அரசு செலவை ஏற்றுக்கொள்ள, இங்கிலாந்திலேயே முழங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

சங்கேத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாட்டுக்கான மேடை, இளமை, ஒரு கிலோ தூரத்தில் தங்கம். யாராயிருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் அந்த மூன்றாவது முயற்சியைக் கைதட்டிப் பாடமாக்குகிறோமே, அதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு அந்த மேடை இல்லை. கரமனையிலும் பூஜப்புரையிலும் அலைபேசியில் படம் பிடிக்க ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். அந்தப் படத்துக்காக நொந்த கையோடு இன்னொரு முறை தூக்குகிறார்கள். எனக்குப் பாடமாகத் தெரிவது சதீஷ் கோல்டு கோஸ்டில் செய்தது. இரண்டாவது முயற்சியில் 173 கிலோவோடு தங்கம் உறுதியானதும், தமக்குரிய மூன்றாவது முயற்சியை அவர் எடுக்கவே இல்லை. தூக்காமல் விட்ட அந்த ஒரு முறைக்கு யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். நான் இங்கிருந்தே தட்டுகிறேன்.

அவசரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மூன்றே மாதத்தில் புஜம் பெருக வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதில் தசை பெருகும். நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மாட்டுவண்டிக்கு லாரி எஞ்சினைப் பூட்டினால் எந்த அச்சு தாங்கும்? புகைபிடிப்பதும் இந்த நாண் அறும் ஆபத்தைப் பலமடங்கு கூட்டுகிறது. சில வகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் நாண்களைப் பலவீனப்படுத்தும் என்று மருத்துவர்களே எச்சரிக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்கும்போது "நான் பளு தூக்குகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில் நஷ்டமில்லை.

தூக்குவதே பிழைப்பானவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் மாலை நேரத்தில் பொழுதுபோக்காகத் தூக்குபவர்களைப் பற்றி. பிழைப்புக்காக நாள் முழுதும் தூக்குபவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பாதிதான்.

ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து சாலைக் கடைத்தெருவில் நம் தமிழ் வணிகர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் தமிழ்நாட்டு லாரிகள் வந்து நிற்கும்போது, வெங்காய மூட்டையையும் காய்கறிக் கூடையையும் இறக்குவது சுமட்டுத் தொழிலாளிகள். அவர்களிலும் வயது நாற்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். முழங்கைப் பக்கத்து நாண் பெரும்பாலும் அறுவது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆண்களுக்குத்தான். மடங்கிய கையைப் பெரும் பாரம் திடீரென்று நீட்டி இழுக்கும்போதுதான் அது அறுகிறது. நழுவும் மூட்டையைத் தாவிப் பிடிப்பது அதற்கென்றே அமைந்த அசைவு. ஒருவன் தூக்கும் எடைக்கு வரம்பு வேண்டும், அது 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர்களுக்கு 1978-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நல வாரியமும் உண்டு. இவை பெரிய விஷயங்கள். ஆனால் சட்டப் புத்தகம் எதுவும், கை அறுந்த ஒருவனை ஆறு மாதம் தூக்காமல் உட்கார வைக்காது. அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

பதக்கம் வாங்கிய சங்கேத்துக்கு அரசு கைகொடுத்தது; மகிழ்ச்சி. அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த எனக்கு மருத்துவ விடுப்பு இருந்தது. மூட்டை தூக்குபவனுக்கு மட்டும், ஆறுவதற்கான காலம் விலைக்கும் கிடைப்பதில்லை. மூன்றாம் மாதத்தில் "வலி இல்லை" என்று திரும்பிவிடுகிறான். அவனிடம் போய் ஆறப் பொறு என்று பழமொழி சொல்வதற்கு நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும், அந்தப் பொறுமைக்கு நாம் ஒரு பங்கைக் கொடுக்காதவரை.

நாம் செய்யக்கூடியவை

என் யோசனைகள் எளியவை. சங்க நிர்வாகிகளும் அன்பர்களும் ஆலோசிக்க வேண்டுகிறேன்.

ஒன்று: ஆண்டுக்கு ஒரு முறை சங்க மண்டபத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் அழைத்துத் தமிழில் பேச வைப்போம். 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் உள்ள ஊர் இது. கேரள விளையாட்டுத்துறைக்குத் தந்தை என்று போற்றப்படும் கோதவர்ம ராஜா வாழ்ந்த ஊர். ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அழைப்பதற்குத்தான் மனம் வேண்டும்.

இரண்டு: நம்மவர்கள் நடத்தும் உடற்பயிற்சிக்கூடங்களிலும் கடைகளிலும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை வைப்போம். "தூக்கும்போது 'பட்' என்று சத்தம் கேட்டால், கை கன்றிப்போனால், உருவம் மாறினால், தேய்க்காதே, அன்றே எலும்பு மருத்துவரைப் பார்." இவ்வளவுதான். எனக்கு எட்டு நாளை மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய பலகை அது.

மூன்று: சாலைத் தொழிலாளிகளில் காயம்பட்டவர் ஒருவருக்காவது ஆண்டுதோறும் பிசியோதெரபிச் செலவையும், தேறும்வரை வீட்டுச் செலவில் ஒரு பங்கையும் ஏற்க ஒரு சிறு நிதி திரட்டுவோம். ஆண்டு விழாவில் போர்த்தும் பொன்னாடைகளில் நாலைக் குறைத்தால் தொடக்கத்துக்குப் போதும். வணிகர்கள் பெரிய மனதோடு மீதியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு.

இன்று நான் தூக்குவது எழுபது கிலோ. இரு உள்ளங்கைகளும் என்னையே பார்க்கின்றன. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டிப் பிடிக்கிறேன். ஒரு கையைப் புரட்டிப் பிடிக்கும் பழைய பிடிக்கு இந்த ஜன்மத்தில் போகமாட்டேன். நூற்றுப் பத்து திரும்பி வருமா என்று பையன்கள் கேட்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். கிணற்றிலிருந்து நிறைவாளி வருகிறது. சாவி திரும்புகிறது. சென்ற வாரம் அண்ணாச்சி கடையில் அரிசி வாங்கினேன். பத்துக் கிலோ பையை அவர் ஆளைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னார். "வேண்டாம் அண்ணாச்சி" என்று நானே எடுத்து வண்டியில் வைத்தேன். இடது கையால் அல்ல.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஜிம்மு எங்கெ இருக்கு சார்?" என்று கேட்டார்.